அதே இட்லி, ஐந்து விலை: ஞாயிறு காலை டிபனுக்கு எங்கே போவது?

எங்கள் வீட்டில் நான்கு பேர். நான், கணவர், எட்டாவது படிக்கும் மகள், மாமியார். குரோம்பேட்டையில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் வெளியில்தான் என்பது பல வருஷத்துப் பழக்கம். வாரத்தில் அந்த ஒரு வேளைதான் நான் அடுப்படிக்குள் போகாமல் இருப்பேன்.

2025 அக்டோபரில் ஒரு ஞாயிறு பில் 700 ரூபாயைத் தாண்டியது. "இனிமே வீட்லயே செஞ்சுக்கலாமே" என்றார் கணவர். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் செய்வது யார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. நவம்பரில் ஐந்து ஞாயிறு வந்தது. ஐந்து விதமாகச் சாப்பிட்டு, பில்லை எல்லாம் எடுத்து வைத்து, நோட்டில் எழுதிப் பார்த்தேன். முடிந்தவரை ஒரே ஆர்டர்: ஆறு இட்லி, இரண்டு வடை, ஒரு பொங்கல், ஒரு மசால் தோசை, இரண்டு காபி.

ஓட்டலில் உட்கார்ந்து: 546 ரூபாய்

பல கிளைகள் உள்ள பெரிய ஓட்டல் இல்லை, ஏசி போட்ட நடுத்தர சைவ ஓட்டல். இரண்டு இட்லி 52, வடை 40, பொங்கல் 85, மசால் தோசை 115, காபி 42. மொத்தம் 520, அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 26 ரூபாய்.

ஒரு இட்லி 26 ரூபாய் ஆகிறது. கடையில் விற்கும் மாவை வாங்கி வீட்டில் ஊற்றினால் ஒரு இட்லிக்கு மூன்றே கால், மூன்றரை ரூபாய் மாவுதான். சட்னி, சாம்பார் சேர்த்தாலும் பத்தைத் தொடாது. அப்படியானால் மீதி எங்கே போகிறது? "ஓட்டல்காரன் கொள்ளையடிக்கிறான்" என்று சொல்லிவிடுவது சுலபம். ஒரு சின்ன விஷயத்தை எடுத்துப் பார்த்தால் கூட அது அவ்வளவு நேராக இல்லை என்று தெரியும்.

கேஸை எடுத்துக்கொள்வோம். நம் வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ, 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறிய பிறகு அந்த நவம்பரில் சென்னையில் 868.50-ஆக இருந்தது. கிலோ 61 ரூபாய். ஓட்டலுக்கு வரும் 19 கிலோ சிலிண்டர் அந்த நவம்பரில் சுமார் 1,750. கிலோ 92 ரூபாய். 2022 மே மாதம் அதுவே 2,500-ஐத் தாண்டியிருந்தது. நம் சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அவர்களுடையதற்கு 18.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு முடிச்சு இருக்கிறது. 2017 நவம்பர் 15 வரை ஏசி ஓட்டலில் 18 சதவீதம், ஏசி இல்லாத ஓட்டலில் 12 சதவீதம் ஜிஎஸ்டி போட்டார்கள். பிறகு இரண்டுக்கும் 5 என்று ஆனது. நமக்கு நல்ல செய்திதான். ஆனால் அதற்குப் பதிலாக, ஓட்டல்காரர் தான் வாங்கும் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி போய்விட்டது. சிலிண்டருக்கும் வாடகைக்கும் கட்டும் 18 சதவீதத்தை அவர் எங்கேயும் திரும்பப் பெற முடியாது. அது இட்லி விலைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. பில்லின் அடியில் நமக்குத் தெரிவது 5 மட்டும்தான். மின்கட்டணம் 2022-லிருந்து ஆண்டுதோறும் ஏறியது. 2025 ஜூலையில் வீடுகளை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு ஏற்றினார்கள். வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருபவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தாக வேண்டும். 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி வரி ஏறியது. 2025 மே கடைசியில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய் வகைகளுக்கு அடிப்படை இறக்குமதி வரியைப் பாதியாகக் குறைத்தார்கள். எங்கள் ஓட்டலில் வடை விலை ஏறியபோது ஏறியது, இறங்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனாலும் ஓட்டலில் மட்டுமே கிடைக்கும் ஒன்று இருக்கிறது. கேட்டால் சாம்பார் மறுபடி ஊற்றுவார்கள். திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி முழுகும்வரை சாம்பார் ஊற்றுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். என் மாமியார் இட்லி சாப்பிடுவதே சாம்பாருக்காகத்தான். முட்டி வலியோடு இருப்பவருக்கு நாற்காலி, மேசை, கைகழுவ இடம், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அரை மணி நேரம் பேச்சு. இதற்கெல்லாம் சேர்த்துத்தான் 546.

அதே ஓட்டல், செயலி வழியாக: 627 ரூபாய், காபி இல்லாமல்

அடுத்த ஞாயிறு மழை. அதே ஓட்டலிலிருந்து செயலியில் வரவழைத்தோம். காபி ஆறிப்போய் வரும் என்பதால் சேர்க்கவில்லை.

செயலியில் இரண்டு இட்லி 68, வடை 52, பொங்கல் 112, மசால் தோசை 149. மொத்தம் 569. பாக்கிங் 30, இந்த இரண்டுக்கும் ஜிஎஸ்டி 30. டெலிவரி கட்டணம் 35, பிளாட்பார்ம் கட்டணம் 14, இவற்றுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 9 ரூபாய். ஆக 687. கூப்பன் போட்டு 60 குறைந்து 627. "60 ரூபாய் சேமித்தீர்கள்" என்று பச்சை எழுத்தில் வந்தது. காபியை விட்டுவிட்டு ஓட்டலிலேயே சாப்பிட்டிருந்தால் 458 ரூபாய்தான். கூப்பனுக்குப் பிறகும் 169 ரூபாய் அதிகம்.

இந்த 169 ஓட்டலுக்குப் போகிறதா என்று பார்த்தேன். ஓட்டல்களிடமிருந்து செயலி நிறுவனங்கள் வாங்கும் கமிஷன் பொதுவாக 20-லிருந்து 30 சதவீதம். 25 என்று வைத்துக்கொண்டால் 569-இல் 142 போய்விடும். ஓட்டல்காரர் கைக்கு வருவது 427. நாங்கள் நேரில் போயிருந்தால் அவருக்கு வந்திருக்கும் தொகை, காபி இல்லாமல், 436! நமக்கு விலை கூடியது, அவருக்கோ ஒன்பது ரூபாய் குறைந்தது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான், கமிஷன் கட்டுப்படியாகவில்லை என்று நாமக்கல் ஓட்டல்காரர்கள் 2025 ஜூலையிலிருந்து செயலிகளில் விற்பதை நிறுத்துவதாக அறிவித்தது ஏன் என்று எனக்குப் புரிந்தது.

பிளாட்பார்ம் கட்டணம் 2023-இல் ஆர்டருக்கு 2 ரூபாயாகத் தொடங்கியது. இரண்டே வருஷத்தில் பத்தைத் தாண்டிவிட்டது. எதற்கு என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை. டெலிவரிக்குத் தனியாக வாங்குகிறார்கள், ஓட்டலிடம் கமிஷன் வாங்குகிறார்கள். அப்புறம் இது எந்த வேலைக்கு? 2025 செப்டம்பர் 22 முதல் டெலிவரி கட்டணத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்துகொண்டது.

சாப்பாடு எப்படி இருந்தது என்றால், இட்லி பரவாயில்லை. மசால் தோசை நமுத்துப்போய் வந்தது. ஆறு இட்லிக்கு உள்ளங்கை அளவு இரண்டு டப்பா சாம்பார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். மழையில் நனைந்துகொண்டு வந்த தம்பிக்கு 20 ரூபாய் கொடுத்தோம். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

கையேந்தி பவன்: 204 ரூபாய்

ரயில்வே ஸ்டேஷன் போகும் வழியில் ஒரு அக்கா தள்ளுவண்டி போட்டிருக்கிறார். இட்லி 10, வடை 12, பொங்கல் 40. மசால் தோசை கிடையாது, அதற்குப் பதில் பொடி தோசை 40. காபி பக்கத்து டீக்கடையில் 20. எல்லாம் சேர்த்து 204.

"என்னக்கா, இட்லியப் பத்தாக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"தேங்கா விக்கிற விலை தெரியும்ல கண்ணு? சட்னியத் தண்ணியா ஊத்த எனக்கு மனசு வரல" என்றார். 2025 முழுக்கத் தேங்காய் ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். இப்போது வாரத்தில் மூன்று நாள் அவர் தக்காளிச் சட்னிதான் போடுகிறார். அது தேங்காய்ச் சட்னியைவிட நன்றாகவே இருக்கிறது.

நேர்மையாகச் சொன்னால் நவம்பரில் நாங்கள் சாப்பிட்டதிலேயே நல்ல இட்லி இதுதான். கண்ணெதிரே இட்லித் தட்டிலிருந்து எடுத்து, தட்டு மேல் வாழை இலை நறுக்கு போட்டு வைத்தார். குறைகளும் உண்டு. நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். மாமியாருக்காக அக்கா எங்கிருந்தோ ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார், எல்லா நாளும் அது நடக்காது. குடிக்கத் தண்ணீர் நாங்களே எடுத்துப் போனோம். தட்டு கழுவும் வாளித் தண்ணீரை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாப்பிடுவது நல்லது. சின்னத் தள்ளுவண்டிக்காரர்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளலாம். இந்த அக்கா அந்தச் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியில் தொங்கவிட்டிருக்கிறார். அதைத் தேடிப் பார்க்கும் வழக்கம் நமக்கு வர வேண்டும்.

வீட்டில்: 255 ரூபாயும் ஒரு காலைப் பொழுதும்

நான் எதிர்பார்க்காத விடை இங்கேதான் வந்தது. ஒரு கிலோ மாவு 50, சாம்பாருக்குப் பருப்பும் காயும் 40, ஒரு மூடி தேங்காய் 20, உருளைக்கிழங்கு மசால் 20, பொங்கலுக்கு அரிசி, பாசிப்பருப்பு, நெய், முந்திரி 40, வடைக்கு உளுந்தும் எண்ணெயும் 35, பாலும் காபித்தூளும் 35, கேஸ் 15. கூட்டினால் 255. கையேந்தி பவனைவிட 51 ரூபாய் அதிகம்!

சரி, பாதி மாவு மிஞ்சியது, மறுநாள் தோசைக்கு ஆனது. சாம்பார் மத்தியானத்துக்கும் வந்தது. அதையெல்லாம் கழித்தால் 200 சொச்சம்தான். அக்கா வண்டியும் என் அடுப்படியும் விலையில் ஒன்றுதான். ஆனால் உளுந்து ஊறவைத்ததை விட்டுவிட்டாலும் அடுப்பில் நின்றது இரண்டு மணி நேரம், பாத்திரம் கழுவியது நாற்பது நிமிஷம். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு கடைசி வடையைச் சாப்பிட்டது நான். "வீட்டில் செய்தால் மலிவு" என்று சொல்கிற ஒவ்வொரு கணக்கிலும் இந்த நேரத்துக்கு பூஜ்யம்தான் போட்டிருக்கிறது. அக்காவின் பத்து ரூபாய் இட்லியில் அவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்ததற்கும் ஒரு கூலி இருக்கிறது.

பண்டங்களைக் குறைத்தால் வீடுதான் மலிவு, அதில் சந்தேகமில்லை. வடை, பொங்கல், மசால் இல்லாமல் இட்லி, சாம்பார், சட்னி, காபி என்றால் 160 ரூபாயில் முடிந்துவிடும், வேலையும் பாதி.

அம்மா உணவகம்: 22 ரூபாய்

பன்னிரண்டு இட்லி 12 ரூபாய், இரண்டு பொங்கல் 10 ரூபாய். 2013 பிப்ரவரியில் தொடங்கியபோது இருந்த இட்லி விலை, அந்த நவம்பரிலும் அதே. இட்லி மெத்தென்று இருந்தது, சாம்பார் கொஞ்சம் நீர்த்திருந்தது. வடை, காபி கிடையாது.

சமைப்பதும் பரிமாறுவதும் சுய உதவிக் குழுப் பெண்கள். வரிசையில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ஒரு பாட்டி, செயலி நிறுவனத்தின் சட்டையோடு இரண்டு இளைஞர்கள். 627 ரூபாய் டிபனை நம் வாசலில் கொண்டுவந்து கொடுப்பவர் ஐந்து ரூபாய்க்கு ஐந்து இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார். அங்கே நின்று சாப்பிடும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. எங்களால் 200 ரூபாய் கொடுக்க முடியும். அரசு நஷ்டத்தைத் தாங்கிப் போடும் இட்லியை நாங்கள் வாடிக்கையாகச் சாப்பிடுவது சரியில்லை என்று நினைக்கிறேன். அதே நேரம் இந்த இடங்கள் நன்றாக நடக்க வேண்டும். 2024 ஜூலையில் சென்னையில் இவற்றைச் சீரமைக்க 21 கோடி ரூபாய் அறிவித்தார்கள். எங்கள் வரிப்பணம் இதற்குப் போவதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

தினசரிச் சில்லறைச் செலவு

டிபனைவிடச் சத்தமில்லாமல் ஏறுவது டீயும் காபியும்தான். சென்னையில் 2025 செப்டம்பர் 1 முதல் பல டீக்கடைகளில் டீ 12-லிருந்து 15, காபி 15-லிருந்து 20. பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்து உலகச் சந்தையில் காபிக்கொட்டை ஏறிய கதை, பால் விலை ஏறிய கதையோடு சேர்ந்து நம் தெருமுனைக்கு வந்திருக்கிறது. தினம் இரண்டு டீ குடிக்கும் என் கணவருக்கு 26 வேலை நாளில் 156 ரூபாய் கூடுதல். இதில் கடைக்காரரிடம் பேரம் பேச எனக்கு மனம் வராது. மாலில் 280 ரூபாய்க்குக் குடிக்கும் காபியில்தான் கேள்வி கேட்க வேண்டும். தியேட்டரில் வெளிச் சாப்பாட்டைத் தடுக்கலாம், ஆனால் குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாப்கார்ன் வாங்காவிட்டாலும் தண்ணீரைக் கேட்டு வாங்குங்கள்.

அடுப்பே இல்லாதவர்களுக்கு

இதுவரை போட்டது குடும்பக் கணக்கு. என் தம்பி வேளச்சேரியில் மூன்று பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். சமைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை. அவனுக்கு வெளிச் சாப்பாடு ஆசைக்கு இல்லை, மூன்று வேளைப் பசிக்கு. காலை 60, மதியம் 110, ராத்திரி 80 என்று போட்டாலே மாதம் 7,500. அதில் பன்னிரண்டு வேளை செயலியில் வாங்கினால், டெலிவரி, பிளாட்பார்ம், அவற்றுக்கான வரி என்று வேளைக்கு 58 வீதம் 696 ரூபாய் சாப்பாடே இல்லாத செலவு. தெருவிலேயே ஒரு மெஸ் மாதத்துக்கு 4,800 ரூபாய்க்கு மூன்று வேளையும் போடுகிறது. ருசி சுமார், ஞாயிறு ராத்திரி லீவு. நான் சொல்லிச் சொல்லி டிசம்பரிலிருந்து சேர்ந்திருக்கிறான்.

எங்கள் வீட்டில் இப்படி முடிவானது: மாதத்தில் முதல் ஞாயிறு ஓட்டல், நடுவில் இரண்டு ஞாயிறு அக்கா வண்டி, ஒரு ஞாயிறு வீடு. வீடு என்றால் சட்னி அரைப்பதும் பாத்திரமும் கணவர், தோசை மகள். செயலி காய்ச்சல் நாளுக்கு மட்டும்.

டிசம்பர் முதல் ஞாயிறு ஓட்டலுக்குப் போனோம். பில் மறுபடி ஐந்நூறு சொச்சம். மாமியார் மூன்று தடவை சாம்பார் கேட்டு வாங்கினார். மூன்று தடவையும் அந்த ஒடிசாக்காரத் தம்பி சிரித்துக்கொண்டே, "இன்னும் ஊத்தவா பாட்டி?" என்று கேட்டு ஊற்றினார்.