ஜின்னுக்கு டானிக்கா, நன்னாரி சோடாவா?

ஜின் என்றதும் கை டானிக் வாட்டரைத்தான் தேடும். அதன் கசப்பு குயினைனால் வருவது. அதை அடக்கச் சர்க்கரையும் சேர்க்கிறார்கள். 30 மில்லி ஜின்னுக்கு 150 மில்லி டானிக் விட்டால், கடைசி மடக்கு வரை நாக்கில் கசப்பு நிற்கும். பாதி டானிக், பாதி சோடா என்றால் தேவலை.

மதுரை வெயிலுக்கு என் ஓட்டு நன்னாரிக்கு. அதே 30 மில்லி ஜின், இரண்டு டீஸ்பூன் நன்னாரி சர்பத், அரை மூடி எலுமிச்சை, நிறைய ஐஸ், மீதி சோடா. இதிலும் சர்க்கரை உண்டுதான், ஆனால் அளவு நம் கையில். சோடாவைக் கடைசியில், கிளாஸைச் சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள். ஜின்னில் சேரும் ஜூனிபர் காயின் வாசமும் நன்னாரி வேரின் மண்வாசமும் சண்டை போடாமல் ஒத்துப்போகும். சர்பத் கடையில் போடுவதுபோல் ஊறவைத்த சப்ஜா விதையும் போட்டுப் பார்த்தேன், ஸ்ட்ரா அடைத்துக்கொண்டது.