சிசல் கயிறா, மணிலா கயிறா, பிளாஸ்டிக் கயிறா?

வலிமையை மட்டும் அளந்தால் இந்தப் போட்டியில் சிசல் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடும். ஒரே பருமனில் எடுத்துப் பார்த்தால் மணிலா அதைவிடக் கூடுதல் எடை தாங்கும். பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் கயிறு இரண்டையும் மிஞ்சும். ஆனாலும் சிசல் விலைபோகிறது. காரணம், அதன் முரட்டுச் சொரசொரப்பு.

மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட கற்றாழை இனத்தின் நார்தான் சிசல். ஒரு செடி ஏழு முதல் பத்து ஆண்டுகளில் 200 முதல் 250 மடல்கள் தரும். மடலின் எடையில் நார் 4 சதவீதம்தான். மிச்சமெல்லாம் சோறும் சாறும். மழுங்கிய கத்திகள் பூட்டிய சக்கரத்தில் மடலைக் கொடுத்தால் அது அடித்துச் சோற்றை வழித்தெடுத்துவிடும். பிறகு அலசி உலர்த்த வேண்டியதுதான். மணிலா கற்றாழையே அல்ல. பிலிப்பைன்சின் அபாக்கா என்னும் வாழை இனத்தின் நார். உப்புநீரைத் தாங்குவதால் கப்பல் வடங்களில் அதற்கே மரியாதை.

பிடிமானத்தில்தான் சிசல் பழிதீர்த்துக்கொள்கிறது. அதில் போட்ட முடிச்சு நிற்கும். வழவழப்பான பாலிப்ரொப்பிலீனில் நழுவப் பார்க்கும். அம்பெறி (டார்ட்ஸ்) விளையாட்டுப் பலகையைக் கவனியுங்கள்: சிசல் இழைகளைச் செங்குத்தாக அடுக்கி இறுக்கியிருப்பார்கள். அம்பின் முனை இழைகளை விலக்கிக்கொண்டு நுழைகிறது. பிடுங்கியதும் அவை மீண்டும் நெருங்கித் துளையை மூடிவிடுகின்றன. சிலவகை எஃகு வடங்களின் நடுவிலும் சிசல் திரி உண்டு. அது எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கம்பிகள் அழுத்தும்போது கசியவிடும்.

வைக்கோல் கட்டுக்கு என்னைக் கேட்டால் சிசல்தான். மட்கிவிடும் என்று அதைக் குறை சொல்பவர்கள், வயலில் கிடந்த பிளாஸ்டிக் கயிறு மாட்டின் வயிற்றுக்குள் போனால் என்னாகும் என்று யோசிக்க வேண்டும். வெயிலில் நொறுங்கும் பிளாஸ்டிக் துணுக்குகளாக மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

ஈரம் என்றால் தீர்ப்பு தலைகீழ். நனைந்தபடி கிடக்கும் சிசல் உளுத்துப்போகும். சிசல் விரிப்பில் தண்ணீர் சிந்தினால் கறை எளிதில் போகாது. குளியலறைப் பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம். ஆள் தொங்கி ஏறும் வேலைக்குச் சிசலும் கூடாது, மணிலாவும் கூடாது. அதற்கென்றே சான்றளிக்கப்பட்ட நைலான் கயிறு இருக்கிறது.

நார்நிறம் பூசிய பிளாஸ்டிக் கயிறும் சந்தையில் உலவுகிறது. சந்தேகம் வந்தால் ஓர் இழையைப் பிரித்து நெருப்பில் காட்டுங்கள்: நார் எரிந்து சாம்பலாகும், பிளாஸ்டிக் உருகி உருண்டு திரளும்.