9,850 ரூபாய்க்கு கார் இன்சூரன்ஸ் போட்டு 42,400 ரூபாயைத் தொலைத்தேன்

நேத்து சாயங்காலம்தான் காரை சேலம் ஒர்க் ஷாப்பில் இருந்து எடுத்தேன். இன்சூரன்ஸ் உயிரோட இருக்கிற வண்டிக்கு என் கையில் இருந்து போனது 42,400 ரூபாய். தீபாவளிக்கு என் கொலுசுப் பட்டறை ஆளுங்களுக்குக் கொடுக்க எடுத்து வச்சிருந்த பணம் அது. ராத்திரி தூக்கம் வரல. கோபம் ஆறிட்டா எழுத மாட்டேன்னு தெரியும், அதனால இப்பவே எழுதறேன்.

வண்டி 2021 ஜனவரியில் வாங்கினது, 1200 சிசி பெட்ரோல். நாலு வருஷமா ஷோரூம்லயே பாலிசி புதுப்பிச்சுட்டு வந்தேன். ஒரு க்ளைம்கூடப் போட்டதில்லை. இந்த ஜனவரியில் ஷோரூம்காரங்க 14,100 சொன்னாங்க. பட்டறைக்கு வர்ற ஒருத்தர், "ஷோரூம்ல போடாதீங்க, அவங்களுக்குக் கமிஷன் ஜாஸ்தி, புது பஸ் ஸ்டாண்டு பக்கம் எல்லாக் கம்பெனியும் ஒப்பிட்டுப் பாத்துப் போட்டுக் கொடுக்கறாங்க"ன்னார். சின்னக் கடை, கண்ணாடிக் கதவு, ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர். அவ்வளவுதான்.

அந்தத் தம்பி நல்லாத்தான் பேசினான். டீ சொன்னான். நமக்குக் கொலுசுப் பட்டறைன்னதும், அவங்க மாமாவும் செவ்வாப்பேட்டைல வெள்ளி வேலைதான்னான். அதுலயே நான் பாதி விழுந்துட்டேன். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். அஞ்சு கம்பெனி வரிசையா இருந்துச்சு, குறைஞ்ச விலை மேல. 9,850. "எல்லாம் ஒரே கவர்தாண்ணா, கம்பெனி பேரு மட்டும்தான் வேற. எதுக்கு 4,000 சேத்துக் குடுக்கறீங்க?"

"பம்பர் டு பம்பர் உண்டா தம்பி?"ன்னு கேட்டேன். சாமான் பழசுன்னு விலையைக் கழிக்காம முழுசாக் கொடுக்கற கவர் அது. இந்தக் கேள்வியை நான் கேட்டேன், சத்தியமாக் கேட்டேன். "புல் கவர்ண்ணா"ன்னு சொல்லிட்டு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கிட்டான். எதையோ நாலு தடவை தட்டினான். என் போனுக்கு ஓடிபி வந்தது, படிச்சுக் காட்டினேன். பத்து நிமிஷத்துல வாட்ஸப்ல பிடிஎப் வந்துடுச்சு. நான் திறந்துகூடப் பாக்கல. வெள்ளிக் கட்டியை டச், அதான் சுத்தம், பாக்காம வாங்காதவன் நான். ஏழு பக்கப் பாலிசியைப் படிக்கச் சோம்பல்பட்டேன்.

ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வச்சு எலுமிச்சை நசுக்கினோம். அந்த ஞாயித்துக்கிழமை பசங்களோட ஏற்காடு. அடிவாரம் தாண்டும்போதே தூறல், மேல ஏற ஏறப் பனிமூட்டம். இருபது கொண்டை ஊசி வளைவுல பதினெட்டாவதுல, மேல இருந்து பஸ் அகலமா வளைஞ்சு வந்தது. இடதுபக்கம் ஒதுங்கினேன், ஈர ரோட்டுல வழுக்கி வண்டி கல் கட்டையில போய் முட்டி நின்னுச்சு. யாருக்கும் அடி இல்ல, சேர்வராயன் புண்ணியம். பானெட் மடங்கிப்போச்சு, ரேடியேட்டர் ஓட்டையாகிப் பச்சைத் தண்ணி சரிவுல ஓடிட்டு இருந்துச்சு. ஒரு குரங்கு வந்து அதை விரலால தொட்டு முகர்ந்து பாத்துட்டுப் போச்சு. சின்னவன் சிரிச்சான். நானும் சிரிச்சேன், புல் கவர் இருக்கேங்கற தைரியத்துல.

மலையில இருந்து சேலம் ஒர்க் ஷாப்புக்கு இழுத்துட்டு வர 4,000. பில் 88,560. சேதத்தைக் கணக்குப் பாக்க வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் நல்ல மனுஷன். எனக்குப் புரியணும்னு கணக்கை ஒரு தாள்ல எழுதியே காட்டினார். "சார், உங்க பாலிசியில ஜீரோ டெப், அதான் பம்பர் டு பம்பர், இல்ல. பிளாஸ்டிக், ரப்பர்னா பாதிதான் வரும். வண்டி நாலு வருஷம் தாண்டிடுச்சு, அதனால இரும்புக்கு 35 சதவீதம் கழியும்."

பம்பர், கிரில், ஹெட்லைட்னு பிளாஸ்டிக் சாமான் மட்டும் 38,000. அதுல 19,000 என் தலையில. பானெட், பெண்டர், ரேடியேட்டர் வகையறா 26,400, அதுல 9,240. பெயிண்ட் கூலி 8,000ல கால்பங்கைப் பெயிண்ட்டோட விலையா எடுத்து, அதுல பாதியைக் கழிச்சு 1,000. கூலன்ட், ஏசி கேஸ், கிளிப் எல்லாம் கன்ஸ்யூமபிளாம், அதாவது தீர்ந்துபோற சாமானாம், 2,160 முழுசா நம்ம பாடு. இது ஷோரூம்ல போட்டிருந்தாலும் போயிருக்கும், அதை ஒத்துக்கறேன். எல்லாருக்கும் உள்ள கட்டாயக் கழிவு 1,000. 1500 சிசி வரைக்கும் அதுதான் கணக்கு. இழுவைக் கூலிக்குப் பாலிசி கொடுக்கறது 1,500தான், மீதி 2,500 நான்.

இதுக்கெல்லாம் மேல ஒரு 7,500. "இது என்ன சார்?"ன்னேன். "வாலண்டரி டிடக்டிபிள். க்ளைம் வந்தா முதல் 7,500ஐ நானே ஏத்துக்கறேன்னு நீங்க எழுதிக் குடுத்தது. அதுக்குத்தான் பிரீமியத்துல தள்ளுபடி குடுத்திருக்காங்க."

நான் எழுதிக் குடுத்தேனாம்! அந்தத் தம்பி லேப்டாப்பைத் திருப்பிக்கிட்டுத் தட்டினது இதைத்தான். பம்பர் டு பம்பருக்கு இருந்த டிக்கை எடுத்தான், வண்டி வழியில நின்னா வந்து உதவற ரோட்சைட் அசிஸ்டன்ஸை எடுத்தான், 7,500க்கு டிக் போட்டான். ஐடிவியையும், அதான் வண்டிக்குப் பாலிசியில போடற மதிப்பை, ஷோரூம் சொன்ன 4,30,000ல இருந்து 3,60,000க்கு இறக்கியிருக்கான். வண்டி திருடு போயிருந்தா அந்த 70,000மும் கோவிந்தா. இத்தனையும் செஞ்சாத்தானே 9,850 வரும்! நம்ம வண்டியால மத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒண்ணுதான், 1000ல இருந்து 1500 சிசி காருக்கு 3,416ன்னு அரசாங்கமே வச்ச விலை. அதுல யாராலயும் பைசா குறைக்க முடியாது. அப்போ 4,250 ரூபாய் எங்கிருந்து குறையும்? நம்ம கவரை அறுத்துத்தான் குறையும். இது எனக்கு 42,400 கட்டின பிறகு தெரியுது.

அவனுக்குப் போன் போட்டேன். முதல் தடவை, "அண்ணா, சர்வேயர்கிட்ட பேசுங்க, அவர் நெனச்சா முடிப்பாரு." ரெண்டாவது தடவை, "கம்பெனிக்கு மெயில் போடுங்கண்ணா, நாங்க வெறும் சர்வீஸ்தான்." அப்புறம் எடுக்கறதே இல்ல. நேர்ல போனேன். கவுண்ட்டர்ல இருந்த பொண்ணு "சார் வெளிய போயிருக்காங்க"ன்னுச்சு. அவனோட ஸ்கூட்டர் வாசல்ல நிக்குது, உள்ரூம்ல பேச்சுக் குரல் கேக்குது. முக்கால் மணி நேரம் உக்காந்தேன். கடைசியில வந்தான். டீ எல்லாம் சொல்லல. "ஓடிபி சொன்னது நீங்கதானே? பாலிசி அனுப்பினேனா இல்லையா? தப்புன்னா அன்னிக்கே சொல்லியிருக்கணும்." ஒன்பது மாசத்துக்கு முன்னாடி மாமா, செவ்வாப்பேட்டைன்னு பேசின அதே வாய்.

கூட வந்த என் மச்சான் சட்டையைப் பிடிக்கப் போயிட்டான், நான்தான் இழுத்துட்டு வந்தேன். இன்னிக்குக் காலையில அதே நம்பர்ல இருந்து தீபாவளி வாழ்த்து வருது, "உங்கள் பாதுகாப்பே எங்கள் மகிழ்ச்சி"ன்னு.

நஷ்டம் இதோட நிக்கல. நாலு வருஷம் க்ளைம் போடாம 45 சதவீதம் வரைக்கும் ஏத்தி வச்சிருந்த என்சிபி, அதான் க்ளைம் போடாததுக்குக் கிடைக்கற தள்ளுபடி, இந்த ஒரு க்ளைம்ல சைபர். ஜனவரியில புதுப்பிக்கும்போது அந்தத் தள்ளுபடியும் கிடையாது. அதைக் கணக்குல சேக்காமத்தான் 42,400ன்னு சொல்லிட்டு இருக்கேன்.

"ஜனவரி மாசம் அவன் 'புல் கவர்'னு பேசினதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?"ன்னு வீட்டுல கேக்கறாங்க. வாயால சொன்னது, காத்துல போச்சு. இருந்தாலும் கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதியிருக்கேன். ஒரு மாசத்துல பதில் வரலைன்னாலோ, பதில் சரியில்லைன்னாலோ சென்னையில இருக்கிற, இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கற ஆம்பட்ஸ்மேனுக்குப் போகலாம், அதுக்குக் கட்டணம் இல்ல. 155255க்குப் போன் போட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ பக்கமும் புகார் பதியப் போறேன். திரும்பக் கிடைக்கும்னு நம்பிக்கை பெருசா இல்ல.

எப்படி ஒப்பிடணும்னு விளக்கமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப பொறுமை இல்ல. விலையை மட்டும் பாக்காதீங்க. ஐடிவி ஒண்ணா இருக்கான்னு பாருங்க, அப்புறம் விலையைப் பாருங்க. ஜீரோ டெப் உண்டுன்னு வாயால சொன்னா நம்பாதீங்க, பாலிசித் தாள்ல அந்த வரி இருக்கணும், அதுக்குத் தனியா பிரீமியம் போட்டிருக்கணும். வாலண்டரி டிடக்டிபிள்ங்கற இடத்துல சைபர் இருக்கணும். மலை ரோட்டுல ஓட்டறவங்க ரோட்சைட் அசிஸ்டன்ஸை விடாதீங்க. முக்கியமா, ஸ்கிரீனை முழுசாப் படிக்காம ஓடிபி சொல்லாதீங்க.

கடை பேரைக் கேட்டு மெசேஜ் பண்ணாதீங்க, புகார் முடியற வரைக்கும் சொல்ல மாட்டேன். பட்டறையில பாலிஷுக்கு ஆள் வந்து நிக்கறாங்க. அவங்களுக்குப் பாக்கிக் கூலியை எங்கிருந்து புரட்டறதுன்னு பாக்கணும்.