பின்டரெஸ்ட் பிசினஸ் கணக்கு: கூகுளில் தெரிவதற்கு எவ்வளவு உதவும்?

படங்களைத் தேடிச் சேமித்து வைக்கும் தளமான பின்டரெஸ்டில் கணக்கு திறந்து நாள்தோறும் நாலு படம் போட்டால் நம் இணையதளம் கூகுளில் மேலே ஏறிவிடும் என்று நம்பி இறங்குபவர்கள் நிறையப் பேர். நேரடியாக அப்படி எதுவும் நடக்காது. பின்னிலிருந்து (அங்கே போடும் ஒவ்வொரு படப் பதிவின் பெயர் 'பின்') நம் பக்கத்துக்கு வரும் லிங்க், தேடுபொறி கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லும் நோஃபாலோ வகையைச் சேர்ந்தது. ஸ்பாம் கமென்ட்களைக் கட்டுப்படுத்த 2005-இல் வந்த அடையாளம் இது. அதை இனிக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு குறிப்பாகப் பார்ப்போம் என்று 2019 செப்டம்பரில் கூகுள் அறிவித்தது உண்மைதான். அதற்காக ஆயிரம் பின் போட்டால் ஆயிரம் பேக்லிங்க் (வெளித் தளங்களிலிருந்து வரும், ரேங்கை உயர்த்தும் லிங்க்) கிடைத்ததாகக் கணக்குப் போடுவது வீண். ஃபாலோயர் எண்ணிக்கைக்கும் உங்கள் தளத்தின் ரேங்குக்கும் சம்பந்தம் இல்லை.

ஆனாலும் இந்தக் கணக்கைப் பரிந்துரைக்கிறோம். பின்டரெஸ்டின் பின்களும் அவற்றைத் தொகுத்து வைக்கும் போர்டுகளும் தாமாகவே கூகுளில் இடம்பிடிக்கின்றன, முக்கியமாகப் படத் தேடலில். புதிதாக ஆரம்பித்த ஒரு தளம் சொந்தமாக முதல் பக்கத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும் தேடல்களில், அந்தத் தளத்தின் பின் முன்னாலேயே போய் நிற்கலாம். பின்டரெஸ்டுக்குள்ளும் மக்கள் சொல் கொடுத்துத்தான் தேடுகிறார்கள். அங்கே பார்த்த பெயரைப் பிறகு கூகுளில் தட்டுகிறார்கள். இந்தக் கடைசிப் பலன் மெதுவாக வரும்; வந்தால் நிலைக்கும்.

பிசினஸ் கணக்குக்குக் கட்டணம் கிடையாது. திறந்ததும் முதலில் ப்ரைவசி செட்டிங்குக்குப் போங்கள். தேடுபொறிகளிடமிருந்து ப்ரொஃபைலை மறைப்பதற்கு அங்கே ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அது ஆனில் இருந்தால் மற்ற வேலை எதுவும் கூகுள் பக்கம் எட்டாது. பழைய தனிநபர் கணக்கை பிசினஸாக மாற்றியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதேபோல சீக்ரெட் போர்டில் இருக்கும் பின் வெளியே யாருக்கும் தெரியாது. வரைவாக அங்கே போட்டு வைத்து, வெளிப் போர்டுக்கு மாற்ற மறந்துவிடுவது அடிக்கடி நடப்பது.

அடுத்தது இணையதளத்தை உங்களுடையது என்று உறுதிப்படுத்துவது. மூன்று வழி உண்டு: பக்கத்தின் கோடில் ஒட்டும் ஒரு வரியான மெட்டா டேக், தளத்தில் ஏற்றும் ஹெச்டிஎம்எல் ஃபைல், டொமைன் பெயரின் அமைப்பான டிஎன்எஸ்ஸில் ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு. டிஎன்எஸ் வழிதான் சிறந்தது. தீம் மாற்றினாலும் அழியாது. மெட்டா டேக் வழியில் போகிறவர்கள் அதைக் கட்டுரை எடிட்டருக்குள் ஒட்டிவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று தவிப்பார்கள். அது பக்கத்தின் கோடில் உள்ள ஹெட் பகுதியில்தான் இருக்க வேண்டும். சரியாக ஒட்டியும் தோல்வி வந்தால் கேஷை அழித்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், தளத்தைப் பார்க்க வரும் பின்டரெஸ்டின் தானியங்கி நிரலை (பாட்) ஃபயர்வால் தடுக்கிறதா என்று பாருங்கள். ஒரு தளத்தை ஒரே ஒரு கணக்கில்தான் உறுதிப்படுத்த முடியும். ஆகவே, முன்பு வேலை பார்த்தவர் அவர் கணக்கில் இணைத்துவிட்டுப் போயிருந்தால், முதலில் அங்கிருந்து விடுவிக்க வேண்டும்.

உறுதிப்படுத்திய பிறகு ரிச் பின் வேலை செய்யும். மற்ற தளங்களும் தேடுபொறிகளும் படிப்பதற்காக உங்கள் பக்கத்தின் கோடில் உள்ள ஓப்பன் கிராஃப் அல்லது ஸ்கீமா தகவலிலிருந்து தலைப்பையும் விவரத்தையும் அது எடுத்துக்கொள்ளும். தேடலில் தெரியவைக்க உதவும் எஸ்இஓ ப்ளகின் இரண்டு இருந்தால் இரண்டும் ஆளுக்கொரு ஓப்பன் கிராஃப் தலைப்பு எழுதி, பின்னில் தவறான தலைப்பு ஏறிவிடும். ஒன்றை அணைத்துவிடுங்கள்.

இனி பின். எல்லாம் இங்கேதான் நிர்ணயமாகிறது. படத்தின் விகிதம் 2:3, அளவு 1000×1500 பிக்சல். அதைவிட நீளமாகப் போனால் ஃபீடில் கீழ்ப்பகுதி வெட்டுப்படலாம். தலைப்புக்கு 100 எழுத்து வரை இடம் உண்டு. ஃபீடில் முதல் 40 அளவுதான் கண்ணில் படும். தமிழில் எழுதுபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். கணினி மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணும். 'தக்காளி' நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு. ஆகவே தேடப்படும் சொல் தலைப்பின் முதல் இரண்டு மூன்று வார்த்தைக்குள் வந்தாக வேண்டும். 'என் அழகான தோட்டம்' என்று யாரும் தேடுவதில்லை. 'தக்காளி இலை சுருள்வது ஏன்?' என்று தேடுகிறார்கள். அந்தப் பின்னுக்கு வேண்டியது சுருண்ட இலையின் நெருக்கமான படம், மேல் பாதியில் அதே கேள்வி பெரிய எழுத்தில், விவரப் பகுதியில் காரணங்களைச் சொல்லும் இரண்டு மூன்று முழு வாக்கியங்கள், ஆல்ட் டெக்ஸ்டில் படத்தில் என்ன இருக்கிறது என்ற ஒரு வரி. ஹேஷ்டேகுகளை வரிசையாக அடுக்குவதால் பயனில்லை. போர்டின் பெயரும் இதே கணக்குதான்: 50 எழுத்துக்குள், கவித்துவம் இல்லாமல், பொருளைச் சொல்ல வேண்டும்.

லிங்க் முழு முகவரியாக இருக்கட்டும். முகவரி சுருக்கிகளைப் பயன்படுத்தினால் ஸ்பாம் வடிகட்டியில் மாட்டும். பக்கத்தின் முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால் காப்பி செய்யும்போது ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும்; 'தக்காளி' என்ற ஒரு சொல்லே 63 எழுத்தாகிவிடும். வேலை செய்யும்தான், ஆனால் பாதியில் வெட்டுப்பட்டு ஒட்டப்பட்டால் 'பக்கம் இல்லை' என்ற 404-இல் போய் நிற்கும். முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் சுருக்கமாக வைப்பது பாதுகாப்பு. ஒரு பின் பல வருடம் சுற்றும் என்பதால், பக்கத்தை இடம் மாற்றினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு அனுப்பும் 301 ரீடைரக்ட் போடாமல் விடக் கூடாது.

குறைகளைச் சொல்லியாக வேண்டும். கூகுளிலிருந்து பின்னுக்கு வருபவர், கணக்கில் நுழையாதவராக இருந்தால், லாகின் கேட்டு ஒரு பெட்டி குறுக்கே வரும். பலர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். அதைவிடக் கடுப்பானது, படத் தேடலில் உங்கள் படத்துக்கு உங்கள் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் பின்டரெஸ்டின் பக்கம் முன்னால் வருவது. ஒரே படம் இரண்டு இடத்தில் இருக்கும்போது வலுவான டொமைன் ஜெயிக்கிறது. இதற்கு ஒரு வழி, பின்னுக்குத் தனிப் படம் செய்வது: எழுத்து போட்ட நெடும்படம் பின்னுக்கு, எழுத்தில்லாத மூலப்படம் உங்கள் பக்கத்துக்கு. விற்பனைக்கு உள்ள ஓவியம், புகைப்படம் போன்றவற்றை மற்றவர்கள் பின் செய்யாமலிருக்க நோபின் மெட்டா டேக் இருக்கிறது. பின்டரெஸ்டின் சேவ் பட்டனை அது தடுக்கும். படத்தை இறக்கி மறுபடி ஏற்றுபவரைத் தடுக்காது.

பின்டரெஸ்டின் அனலிடிக்ஸ் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், அதுதான் ஆபத்து. இம்ப்ரெஷன் என்பது யாரோ ஸ்க்ரோல் செய்தபோது படம் திரையில் வந்துபோனது. பின் க்ளிக் என்பதில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் சேரும். நீங்கள் பார்க்க வேண்டியது அவுட்பவுண்ட் க்ளிக். அதுதான் உங்கள் தளத்துக்குக் கிளம்பிய ஆள். ஆப்பிலிருந்து வருபவர்களில் ஒரு பங்கு உங்கள் தளத்தின் அனலிடிக்ஸில் 'டைரக்ட்' (நேரடியாக வந்தவர்) என்று விழும். பின்னில் கொடுக்கும் முகவரியில் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் யூடிஎம் குறிச்சொல்லைச் சேர்த்தால் இது தெளிவாகும். ஒரே பக்கத்துக்கு இரண்டு முகவரி ஆகிவிடாமலிருக்க, பக்கத்தில், மூல முகவரி எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் கனானிக்கல் டேக் சரியாக இருக்க வேண்டும். தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் உங்கள் தளம் மட்டும்தான் தெரியும், பின்களின் நிலை தெரியாது. அங்கே உங்கள் பெயர் வரும் தேடல்களை மட்டும் ஃபில்டர் செய்து, கணக்கு திறப்பதற்கு முந்தைய மாதங்களோடு ஒப்பிடுங்கள். 16 மாதத் தரவு இருப்பதால் போன வருடத்தின் இதே மாதத்தோடும் ஒப்பிடலாம். பண்டிகை, விடுமுறை ஏற்ற இறக்கங்கள் அப்போதுதான் கழியும்.

மற்றவற்றோடு எப்படி? இன்ஸ்டாகிராம் 2025 ஜூலையிலிருந்து ப்ரொஃபெஷனல் கணக்குகளின் பொதுப் பதிவுகளைத் தேடுபொறிகளுக்குத் திறந்துவிட்டது. ஆனால் பதிவின் கேப்ஷனில் க்ளிக் ஆகும் லிங்க் இல்லாததால், கூகுளிலிருந்து வந்தவர் இன்ஸ்டாகிராமிலேயே நின்றுவிடுவார். செய்முறைக் கேள்விகளுக்கு யூடியூப் பின்டரெஸ்டைவிடப் பல மடங்கு வலுவானது, உழைப்பும் அதற்கேற்ப அதிகம். எந்தக் கணக்கு வைத்திருந்தாலும், உங்கள் தளத்தில், நிறுவனத்தைப் பற்றித் தேடுபொறிக்குச் சொல்லும் ஆர்கனைசேஷன் ஸ்கீமாவில் 'சேம் அஸ்' பகுதியில் அதன் முகவரியைச் சேருங்கள். பெயரும் லோகோவும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். தளமும் அந்தக் கணக்கும் ஒரே நிறுவனத்தினுடையவைதான் என்று கூகுள் புரிந்துகொள்ள அது உதவும்.

சமையல், தையல், வீட்டு அலங்காரம், தோட்டம், கைவினை, பயணம் என்று படம் பேசும் துறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்குத் தகுதியானது. கணக்குத் தணிக்கை, சட்ட ஆலோசனை, மென்பொருள் பராமரிப்பு போன்ற சேவைகளுக்கு வேண்டாம். அதே நேரத்தைத் தளத்தில் ஒரு நல்ல கேள்வி பதில் பக்கம் எழுதச் செலவிடுங்கள்.