மலைப்பாதையில் ஸ்விஃப்ட்: டயரும் கேம்பரும் செய்த வித்தியாசம்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வேலை நிமித்தமாக அந்தப் பாதையில் அடிக்கடி போய் வருகிறேன். கார் ஸ்விஃப்ட், டயர் அளவு 185/65 ஆர்15. இத்தனை வருட ஓட்டத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: வளைவில் கிரிப் வேண்டுமென்றால் முதலில் டயர், அப்புறம்தான் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்.

முதல் செட் டயர்கள் சமவெளியில் சொகுசாக ஓடின. மலை ஓட்டத்தில் முன் டயர்களின் வெளி ஓரம் மட்டும் சீக்கிரம் மழுங்கிவிடும்; நடுவில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) அப்படியே இருக்கும். வலப்பக்கம் திரும்பும்போது வண்டி இடப்பக்கம் சாய்கிறது. இடது சக்கரமும் கூடவே வெளியே சாய, பாரம் முழுக்க டயரின் வெளி ஓரத்தில் இறங்குகிறது. டயர் அகலம் 185 மி.மீ., அதில் 65 சதவீதம் என்றால் சைட்வால் (டயரின் பக்கச்சுவர்) உயரம் சுமார் 120 மி.மீ. அது மெத்தென்று இருந்தால் வளைவில் மடங்கும். பட்டன் முடியும் இடத்திலிருந்து சைட்வால் வரை சாக்பீஸால் கோடு போட்டு, மலை ஏறி இறங்கிப் பாருங்கள். தரையில் பட்ட இடம் வரை கோடு அழிந்திருக்கும். என் காரில் சைட்வாலில் உள்ள சின்ன முக்கோணக் குறியையும் தாண்டி அழிந்திருந்தது. காற்று குறைவாக இருந்தால் இன்னும் கீழே போகும்.

அடுத்த செட்டில் இருபுறமும் வேறுவேறு பட்டன் உள்ள டயர் போட்டேன். வெளிப்பக்கம் பெரிய, கெட்டியான பட்டன். உட்பக்கம் மழைநீர் ஓட ஆழமான கோடுகள். அளவு அதேதான், ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முன்பக்கம் உடனே திரும்புகிறது. குழி மேடுகளில் குலுக்கல் சற்றுக் கூடியது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 'அவுட்சைட்' என்ற எழுத்து வெளியே தெரியும்படி மாட்டியிருக்கிறார்களா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

கேம்பரைப் பிறகுதான் தொட்டேன். இந்த மாதிரி கார்களில் அலைன்மென்ட் கடையில் பெரும்பாலும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் சரிசெய்வார்கள். கேம்பரை மாற்ற உதவும் கேம்பர் போல்ட் போட்டு, பூஜ்யத்தை ஒட்டி இருந்ததை மைனஸ் 1 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தோம். சக்கரத்தின் மேல்பகுதி லேசாக உள்ளே சாய்ந்திருப்பதால், வண்டி சாயும்போது டயர் தரையில் ஓரளவு முழுசாக உட்காருகிறது. கொண்டை ஊசி வளைவில் பெரிய வித்தியாசம் இல்லை. அவ்வளவு தூரம் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது காஸ்டர் கோணமே (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) வெளிச்சக்கரத்தை உள்ளே சாய்த்துக் கொடுக்கிறது. நீளமான, வேகமான வளைவுகளில்தான் பலன் நன்றாகத் தெரிகிறது. மைனஸை இதற்கு மேல் கூட்டினால் நேர்ச்சாலையில் உள் ஓரம் தேயும், பிரேக் பிடிமானமும் குறையும். கேம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும். உடனே சரிசெய்யாவிட்டால் டயரைத் தின்றுவிடும்.

எப்போதாவது மலை ஏறுகிறவருக்குக் கேம்பர் போல்ட் தேவையே இல்லை. இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் புதியதைப் பின்னால் போடுங்கள். மழையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியை மீட்பது ரொம்பக் கஷ்டம்.