சிஏ 19-9 சேர்த்த முழு உடல் பரிசோதனை, குன்னூர்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

குன்னூரில் ஒரு லேப், முழு உடல் பரிசோதனையோடு சிஏ 19-9 டெஸ்ட்டையும் (கணையப் புற்றுநோயில் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு பொருளின் அளவைப் பார்ப்பது) சேர்த்து ‘கணையப் புற்றுநோய் செக்கப்’ என்று விற்கிறது. ரத்தம் எடுப்பவர்களுக்குக் கை பழகியிருக்கிறது, ரிப்போர்ட்டும் மறுநாளே வந்துவிடுகிறது. ஆனால் சிஏ 19-9-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் தண்டம்.

இந்தியாவில் இந்த நோய் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் வருகிறது. தொந்தரவே இல்லாதவர்களுக்கு எடுத்துப் பார்த்தால், அளவு நார்மல் எல்லையான 37-ஐத் தாண்டுகிற பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. பித்தக்குழாய் அடைப்பு, கணைய அழற்சி, கல்லீரல் சுருக்கம் எதிலும் அது ஏறும். நூற்றில் 5 முதல் 10 பேருக்கோ உடம்பில் இந்தப் பொருள் உண்டாவதே இல்லை. நோய் முற்றினாலும் ‘நார்மல்’தான். நோய் உறுதியானவருக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க உதவும், அவ்வளவே.

வயிற்று ஸ்கேனும் உண்டு. இட்லி, டீ முடித்து வந்தவரையும் படுக்க வைத்துவிடுகிறார்கள்! கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. வாயு இருந்தால் வால் பகுதி மறைந்துபோகும். 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். ‘கணையம் சரியாகத் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உருப்படியானவை சுகரும், மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யும்தான். 50 வயதுக்கு மேல் புதிதாகச் சுகர் வந்தவர்களில் நூற்றில் ஏறக்குறைய ஒருவருக்கு, 3 ஆண்டுக்குள் கணையப் புற்றுநோய் தெரியவருகிறது. கூடவே காரணமில்லாமல் எடை இறங்கினால் சிடி ஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். சுகருக்குச் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் எடுக்கிறார்களா என்று பாருங்கள். சாதாரணக் குழாயில், ரத்த அணுக்களைப் பிரிக்காமல் கோவைக்கு அனுப்பினால், வண்டி மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று அளவைக் குறைத்துவிடும்.

படிவத்தில் ‘சிகரெட் உண்டா’ என்று மட்டும் கேட்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் வெற்றிலையோடு புகையிலை மெல்லும் அம்மா ‘இல்லை’ என்றுதானே சொல்வார்? மெல்லும் புகையிலையும் கணையப் புற்றுநோய்க்குக் காரணம். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, கணையக் கல் உண்டா என்ற கேள்விகளும் இல்லை. நீங்களே எழுதிக் கொடுங்கள்.

கண் மஞ்சளாகி, உடம்பு அரித்து, மலம் வெளுத்திருந்தால் எந்த பேக்கேஜும் வேண்டாம். கீழாநெல்லி குடித்து நாளைக் கடத்தாமல் அன்றே ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.