தர்மபுரியிலிருந்து மலைக்கும் கடலுக்கும்: மேற்கா, தெற்கா, கிழக்கா?

மலையையும் கடலையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பும் குடும்பங்களில் பேச்சு எப்போதும் ஊர்ப் பெயரில்தான் ஆரம்பிக்கும். ஊட்டியா கொடைக்கானலா, ராமேஸ்வரமா பாண்டிச்சேரியா என்று. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ரயிலை விட்டுக் காருக்கு மாறுவது எந்த இடத்தில்? அது முடிவானால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமவெளியை ரயிலுக்கு விட்டுவிடுங்கள். காரை மலையடிவாரத்தில் பிடியுங்கள். வீட்டு வாசலிலிருந்தே டிஎன் 29, டிஎன் 24 வண்டியை எடுத்துக்கொண்டு போவது வசதியாகத் தோன்றும். ஆனால் தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இறங்கி, சேலம், ஈரோடு என்று பகல் முழுக்க நெடுஞ்சாலையில் ஓட்டி, அந்தக் களைப்போடு சாயங்காலம் மலையேற வேண்டும். வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால் அவர் மலையைப் பார்ப்பதே இல்லை. அடுத்த வளைவையும் எதிரே வரும் பஸ்ஸையும்தான் பார்க்கிறார். குடும்பமே ஜன்னல் வழியே அருவியைக் காட்டிக் கத்தும்போது அவர் மட்டும் ஹாரனை அழுத்திக்கொண்டிருப்பது நியாயமில்லை.

இதற்குத் தோதாக தர்மபுரி ரயில் நிலையம் நல்ல இடத்தில் இருக்கிறது. பெங்களூரு - ஓசூர் - சேலம் பாதையில் இருப்பதால் மேற்கே எர்ணாகுளம் இன்டர்சிட்டி, கண்ணூர் எக்ஸ்பிரஸ், கோவை வந்தே பாரத், தெற்கே நாகர்கோவில், தூத்துக்குடி வண்டிகள், கிழக்கே மயிலாடுதுறை, காரைக்கால் வண்டிகள் என்று மூன்று திசைக்கும் இங்கேயே ஏறலாம். கிருஷ்ணகிரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாவட்டத் தலைநகராக இருந்தும் ஊருக்குள் ரயில் கிடையாது. அந்தக் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஓடிய குறுகிய பாதையையும் எடுத்துவிட்டார்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் தர்மபுரிக்கோ ஜோலார்பேட்டைக்கோ போய்ச் சேரும் நேரத்தையும் திட்டத்தில் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். இரவு வண்டி என்றால் கடைசி நேர பஸ்ஸை நம்பாமல் சாயங்காலமே கிளம்பிவிடுவது நல்லது.

சரி, மூன்று வழிகளையும் பார்ப்போம்.

மேற்கு: நீலகிரி, வயநாடு, கோழிக்கோடு

மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ரயில், மலைரயில், கார், கடல், திரும்ப ரயில் என்று ஒரு முழு வட்டம். போன வழியே திரும்ப வேண்டியதில்லை.

காலையில் தர்மபுரியில் எர்ணாகுளம் இன்டர்சிட்டி ஏறினால் பகலில் கோவை. அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு உள்ளூர் ரயில் இருக்கிறது. அன்றிரவு மேட்டுப்பாளையத்தில் தங்கிவிடுங்கள். இன்னொரு வழியும் உண்டு. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸைச் சேலத்தில் நள்ளிரவுக்குப் பின் பிடித்தால், விடிந்ததும் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும், மலைரயிலுக்கும் நேரம் சரியாக இருக்கும். ஒரு அறை வாடகை மிச்சம். இளவட்டங்களுக்கு அது சரி. பெரியவர்களையும் குழந்தைகளையும் அந்த நேரத்தில் சேலம் நடைமேடையில் உட்கார வைத்துவிட்டு, தூக்கம் கெட்ட கண்ணோடு மலைரயிலில் ஏற்றினால் குன்னூர் வருவதற்குள் எல்லாரும் தூங்கிவிடுவார்கள். அதற்கு மலைரயில் எதற்கு?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை 46 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து 330 மீட்டர்போல இருக்கும் இடத்திலிருந்து 2,200 மீட்டருக்கு ஏற கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் ஓட ஆரம்பித்த ரயில் இது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லாறு தாண்டியதும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரட்டை இரும்புப் பட்டை ஆரம்பிக்கிறது. என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொள்ளும்போது வண்டி லேசாக ஒரு குலுங்கு குலுங்கும். அப்புறம் வேகம் குறைந்து, கடகடவென்ற சத்தத்தோடு ஒவ்வொரு பல்லாகப் பிடித்து ஏறும். என்ஜின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்காரர் நின்றபடி வருவார். பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி உயரும் ஏற்றத்தில் அவர் கை அந்தப் பிரேக்கை விட்டு நகராது. நடுவே என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிக் கை கால் நீட்டலாம். இந்த ஏற்றத்தைக் காரில் போனால் எளிதில் முடித்துவிடலாம்தான். ஆனால் குழந்தைகள் பெரியவர்களானபின் பேசப்போவது இந்த ரயிலைப் பற்றித்தான்.

ரயிலில் போவதில் நடைமுறை லாபமும் உண்டு. வெளியூர் வண்டியில் நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போவதானால், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டும். கட்டணம் இல்லை. ஆனால் கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பு வைக்கிறார்கள். மலைரயிலிலோ அரசு பஸ்ஸிலோ போனால் அந்தக் கவலை இல்லை. மேலே போய் உள்ளூர் டாக்சி பிடித்துக்கொள்ளலாம்.

ஊட்டியிலிருந்து கடலுக்கு இறங்கும் பகுதிதான் காருக்கானது. கூடலூர் வந்ததும் வழி இரண்டாகப் பிரியும். நாடுகாணி வழியாக நிலம்பூருக்கு இறங்கினால் தேக்குக் காடு, தேக்கு அருங்காட்சியகம். தூரமும் குறைவு. சுல்தான் பத்தேரி, கல்பற்றா வழியாக வயநாட்டில் ஓர் இரவு தங்கி, தாமரசேரி சுரம் என்ற மலைப்பாதையின் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் கோழிக்கோடு. நேரம் இருந்தால் வயநாடு, இல்லாவிட்டால் நிலம்பூர். வார இறுதியில் தாமரசேரி சுரத்தில் சிக்கினால் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். அதனால் ஞாயிறு சாயங்காலத்தில் அந்த இறக்கத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கார் பேசும்போது ஒன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒருவழிப் பயணமானாலும் வண்டி காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் காசு வாங்குவார்கள். கேரள பெர்மிட், டிரைவர் பேட்டா, டோல் எல்லாம் சேர்த்தா சேர்க்காமலா என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். "எல்லாம் சேத்துத்தான் சொல்றீங்களாண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் கடற்கரையில் தகராறு இல்லை.

கோழிக்கோட்டில் கடற்கரை, மிட்டாய்த் தெரு அல்வா, 1498-ல் வாஸ்கோடகாமா வந்திறங்கிய காப்பாடு. பிறகு சாயங்காலம் கண்ணூரிலிருந்து வரும் யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடிவதற்குள் தர்மபுரி. அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், தூங்கிவிட்டால் ஓசூர்தான்.

இந்த வழிக்குப் பெரிய எதிரி மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடற்கரையில் கடலில் கால் வைக்க முடியாது. 2024 ஜூலை 30-ல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் நடந்த நிலச்சரிவை யாரும் மறந்திருக்க மாட்டோம். மழைக்காலத்தில் மலைச்சரிவுகளில் தங்கும் விடுதி எடுப்பதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு - குன்னூர் நடுவே மண் சரிந்து மலைரயிலும் அடிக்கடி ரத்தாகும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் இதற்கு நல்ல காலம்.

தெற்கு: கொடைக்கானல், ராமேஸ்வரம்

வீட்டில் வயதானவர்கள் இருந்து, கோயிலும் வேண்டும் என்றால் இதுதான். தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் தர்மபுரியில் இரவு ஏறினால் விடியும் நேரத்தில் திண்டுக்கல். அங்கே கார் பிடித்து வத்தலக்குண்டு வழியாக மலையேறலாம். காலை வெளிச்சத்தில் ஏறுவது, இரவெல்லாம் படுத்து வந்த உடம்போடு ஏறுவது, இரண்டுமே பெரிய வசதி. திண்டுக்கல் வண்டியானாலும் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும். டிரைவர் எடுத்துவிட்டாரா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

மலை என்று மட்டும் பார்த்தால் இது நீலகிரிக்கு அடுத்தபடிதான். ஏரி, பைன் காடு, தூண் பாறை என்று எல்லாரும் ஒரே வட்டத்தில் சுற்றுகிறோம், கூட்டமும் அதே வட்டத்தில். குறிஞ்சி பூத்தால் கதை வேறு. 2018-ல் பூத்தது, அடுத்து 2030.

ஆனால் கடல் என்று வரும்போது தெற்கை மேற்கு எட்டிப் பிடிக்கவே முடியாது. மதுரைக்கு இறங்கி, அங்கே காரை அனுப்பிவிட்டு, ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போங்கள். 1914-ல் கட்டிய பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறந்தார்கள். கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். ரயிலில் போனால் ஜன்னலுக்குக் கீழே தண்டவாளமோ கைப்பிடிச் சுவரோ தெரியாது, நேரே தண்ணீர்தான். காரில் போனால் பக்கத்தில் 1988-ல் திறந்த சாலைப் பாலத்தின் உயரத்திலிருந்து ரயில் பாலம் முழுவதையும் பார்க்கலாம். எனக்கு ரயில்தான். மனது கேட்காவிட்டால் போகும்போது ரயில், வரும்போது கார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடிக்கு ராமேஸ்வரத்தில் உள்ளூர் வண்டி போதும். 1964 டிசம்பர் புயலில் பயணிகளோடு ரயிலே அடித்துப்போன ஊர். இடிந்த தேவாலயச் சுவருக்குப் பக்கத்தில் நின்று அரிச்சல்முனைச் சாலையைப் பாருங்கள், இரண்டு பக்கமும் கடல் வெவ்வேறு நிறத்தில் இருக்கும். இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும். பெரியவர்களை இருபத்திரண்டு தீர்த்தமாட அழைத்துப் போவதானால் அதற்கு ஒரு காலையை முழுதாக ஒதுக்குங்கள். ஈரத் துணியோடு அவர்களை அவசரப்படுத்துவது பாவம். திரும்புவதற்கு மதுரை வந்து மைசூரு வண்டியை இரவில் பிடித்தால் நேரே தர்மபுரி.

இந்த வழியின் குறை, கொடைக்கானலுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே உள்ள தூரம். ஒரு பகல் அதற்கே போய்விடும். மதுரையில் ஓர் இரவு தங்கினால் அது குறையாகத் தெரியாது, மீனாட்சியையும் பார்த்த மாதிரி ஆகும்.

கிழக்கு: ஜவ்வாது மலை, செஞ்சி, புதுச்சேரி

இங்கே மட்டும் என் சொந்த விதியை நானே தள்ளி வைக்கிறேன். இது முழுக்கக் காருக்கான வழி, அதிலும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஏற்றது. ரயில் இல்லாத ஊருக்குச் சாலைகள் கூடுகிற ஊர் என்ற பலம் உண்டு. பர்கூர், திருப்பத்தூர், ஆலங்காயம் வழியாகக் காவலூர். அங்கே 2.3 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. பொதுமக்களை விடும் நாளை விசாரித்துக்கொண்டு போனால் பிள்ளைகளுக்கு இதுவே போதும். அங்கிருந்து ஜமுனாமரத்தூர், இறங்கினால் போளூர், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம், புதுச்சேரி. திரும்பும்போது மலையை விட்டுவிட்டுச் செங்கம், ஊத்தங்கரை வழியாக நேர்சாலையில் வீடு வந்துவிடலாம்.

ஜவ்வாது மலையில் ஊட்டிக் குளிரும் கடைத்தெருவும் கிடையாது. சாமை வயலும் பலா மரமும் அமைதியும்தான். பெரிய மலை பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு வருபவருக்கு ஏமாற்றமாக இருக்கும். இரண்டு மூன்று நாள்தான் விடுப்பு, கைக்குழந்தை இருக்கிறது, நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. பௌர்ணமி அன்றைக்கு மட்டும் திருவண்ணாமலையைத் தாண்டும் திட்டம் வேண்டாம். கிரிவலக் கூட்டத்தில் வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான்.

எதை எப்போது பதிவது

தேதியை முடிவு செய்யும் உரிமையை மலைரயிலுக்குக் கொடுங்கள். அதில் இருக்கை குறைவு. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது (2024 நவம்பருக்கு முன் 120 நாள்). திறந்த அன்றைக்கே மேட்டுப்பாளையம் - ஊட்டி டிக்கெட்டை எடுத்துவிட்டு, அதற்கேற்பத் தர்மபுரி வண்டிகளை எடுங்கள். திரும்பும் ரயில் உறுதியான பின் அறை, கடைசியில் கார். நிறையப் பேர் அறையை முதலில் பதிந்துவிட்டு, ரயில் வெயிட்டிங் லிஸ்ட்டில் நின்றதும் தட்கலுக்கு ஓடுகிறார்கள். நாலைந்து பேருக்கு ஒரே பெட்டியில் தட்கல் கிடைப்பது அபூர்வம்.

எந்த வழியானாலும் மலை முதலில், கடல் பின்னால். மலையில்தான் பாஸ், டிக்கெட், சாலை மூடல் என்று தேதிச் சிக்கல் எல்லாம். கடற்கரையில் ஒரு நாள் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. மலையில் ஒரு நாள் மண்சரிவுக்குப் போய்விட்டால் அதைக் கடல் நாளில் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

கையில் எடுத்துக்கொள்ள ஒன்றிரண்டு: நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, ஆகவே எவர்சில்வர் பாட்டில். முதல் நாள் ரயிலுக்கு வீட்டுப் புளியோதரை, நம் ஊர்ப் புளியில் செய்தது ராத்திரி வரை கெடாது. வளைவில் வாந்தி வரும் பிள்ளைகளுக்கு மலையேறுமுன் வயிறு முட்டக் கொடுக்காமல் இரண்டு இட்லியோடு நிறுத்தி, முன் இருக்கையில் மடியில் வைக்காமல் பின்னால் நடுவில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, தூரத்தில் தெரியும் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கும்போது டிரைவர் நியூட்ரலில் விட்டால் தயங்காமல் சொல்லுங்கள், செகண்ட் கியரிலேயே இறங்கட்டும்.